தீவு, கண்டம், மிதக்கும் பனி: புதிர்ப்போட்டிக்கு உறுதியான விடை வேண்டும்

பாயான்பாரு (பினாங்கு)

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான புதிர்ப்போட்டிக்குக் கேள்விகள் தயாராகின்றன. புவியியல் சுற்றில் நான்கு கேள்விகளுக்கு விடைத்தாளில் எதைப் போடுவது என்று குழுவுக்குள்ளேயே இழுபறி. போட்டியன்று பெற்றோர் மேடைக்கே வந்து வாதாடுவார்கள். அதனால் யார் கேட்டாலும் நிற்கும் விடையாக வேண்டும்.

ஒன்று: நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்றால் ஆஸ்திரேலியாவும் தீவுதானே? பெரியது என்பதால்தான் கண்டம் என்றால், எத்தனை சதுர கிலோமீட்டரில் தீவு கண்டமாகிறது?

இரண்டு: வடதுருவம், தென்துருவம் இரண்டிலும் பனிதான். தெற்கே இருப்பதை மட்டும் கண்டம் என்பது ஏன்?

மூன்று: பல வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் பனிப்பாறை, மேலே மண்ணும் கல்லும் வேறு கிடக்கிறது. தீவு என்று எழுதியவனுக்கு மதிப்பெண் தரலாமா?

நான்கு: குர்னி கடற்கரைக்கு எதிரே மண் கொட்டி எழுப்பியிருப்பது தீவா? கூடவே, பாலம் போட்ட பிறகும் பினாங்கு தீவுதானா என்று குழுவில் ஒருவர் கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

கருங்கல் (கோலாலம்பூர்)

தீவு, கண்டம், பனி மூன்றையும் ஒரே ஏணியில் ஏற்றியதுதான் குழப்பத்துக்குக் காரணம். சின்னதென்றால் தீவு, பெரியதென்றால் கண்டம், உருகினால் பனி என்று ஓர் ஏணி கிடையாது. தீவா என்று கேட்டால் கடல்மட்டத்தில் பார்க்க வேண்டும். கண்டமா என்று கேட்டால் அடியில் உள்ள பாறையைப் பார்க்க வேண்டும். பனிக்கு ஒரே கேள்விதான்: அதன் பாரத்தைத் தாங்குவது தரையா, தண்ணீரா?

முதல் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பூமியின் மேலோடு இரண்டு வகை. கண்ட மேலோடு பெரும்பாலும் கிரானைட் குடும்பத்துப் பாறை. தடிமன் பொதுவாக 30 முதல் 50 கிலோமீட்டர், அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு. கடலடி மேலோடு எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். தடிமன் 7 கிலோமீட்டர் அளவு, அடர்த்தி 3.0-ஐ ஒட்டி வரும். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் என்ற பாறை அடுக்கின் அடர்த்தி 3.3. இலேசான, தடித்த கண்ட மேலோடு அதன்மேல் உயர்ந்து நிற்கிறது. மெல்லிய, கனத்த கடலடி மேலோடு தாழ்ந்து கிடக்கிறது, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. கடற்கரையோடு கண்டம் முடிந்துவிடுவதில்லை. நீருக்கடியில் கண்டத்திட்டாக இன்னும் நீண்டு, பெரும்பாலும் 200 மீட்டர் ஆழத்தை ஒட்டித்தான் சட்டென்று சரியும்.

நம் ஊரையே பாருங்கள். பினாங்குத் தீவு சுமார் 295 ச.கி.மீ. பினாங்கு மலை முழுக்க கிரானைட், தீபகற்பத்தின் நடு மலைத்தொடரில் இருப்பதும் அதே குடும்பத்துக் கல்தான். கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது பினாங்கு ஒரு குன்று, அவ்வளவுதான். எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து நடந்தே போகலாம், ஃபெரி வேண்டாம். தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சுண்டாத் திட்டு என்ற ஒரே நிலத்தின் மேடுகள். ஓராங் ஊத்தான் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருக்கிறதே, எந்தக் கப்பலில் போனது? பாலித் தீவைத் தாண்டி லொம்போக் நீரிணை ஆழமானது. கடல் 120 மீட்டர் இறங்கியும் அது வற்றவில்லை. ஆசிய விலங்கினங்களின் எல்லையைக் காட்டும் வாலஸ் கோடு அந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது, விலங்குகளும் அங்கே மாறுகின்றன.

ஆகவே பினாங்கு நீர்க்கணக்கில் தீவு, பாறைக்கணக்கில் ஆசியா. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. போர்னியோவும் (சுமார் 7,43,000 ச.கி.மீ., உலகில் மூன்றாவது பெரிய தீவு) அப்படித்தான். நியூகினி ஆஸ்திரேலியாவின் கண்டத்திட்டில் உட்கார்ந்திருக்கும் தீவு.

அளவு விவகாரம்: ஆஸ்திரேலியா சுமார் 76 லட்சம் ச.கி.மீ., கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம். இரண்டுக்கும் நடுவே வேறு நிலப்பகுதியே இல்லை. அதனால் பாடப்புத்தகம் அங்கே கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இத்தனை லட்சம் என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. கிரீன்லாந்திலும் இருப்பது கண்ட மேலோடுதான். ஆனால் அது வட அமெரிக்கத் தட்டின் (வட அமெரிக்காவைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகையின்) ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவுக்கு எந்தக் கண்டத்தோடும் அந்த ஒட்டு இல்லை. விடைத்தாளில் எழுத வேண்டிய காரணம் இது.

ஓர் எச்சரிக்கை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தைக் காட்டி அளவுக் கேள்வி கேட்காதீர்கள். அதில் 72 பாகை வட அட்சத்தில் உள்ள நிலம் பத்து மடங்குக்குமேல் ஊதிப் போயிருக்கும். கிரீன்லாந்து ஆஸ்திரேலியாவைவிடப் பெரியதாகவே தெரியும். உருண்டை மாதிரியை மேசையில் வையுங்கள்.

எல்லாத் தீவும் கண்டத்தின் துண்டு என்றும் எழுதிவிட வேண்டாம். ஹவாய், மொரிஷியஸ் இரண்டும் கடலடியிலிருந்து எரிமலை எழுப்பியவை. மாலத்தீவு பவளம். மடகாஸ்கர் இந்தியாவிடமிருந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கண்டத் துண்டு. தலைகீழான உதாரணம் வேண்டுமா? நியூசிலாந்தைச் சுற்றி ஏறக்குறைய 49 லட்சம் ச.கி.மீ. கண்ட மேலோடு கிடக்கிறது, சுமார் 94 விழுக்காடு கடலுக்கடியில். அதைத் தனிக் கண்டமாக எண்ண வேண்டும் என்று 2017-இல் நிலவியலாளர்கள் கட்டுரை எழுதினார்கள். பெயர் சீலாந்தியா. கண்டம் ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரிவதென்னவோ முக்கியமாக இரண்டு தீவுகள்.

கண்டங்கள் எத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே நிலம், பிரித்தது வரலாறு. அந்தக் கேள்விக்கு ஐந்து, ஆறு, ஏழு என எல்லாமே வாதாடத் தக்க விடை.

ஓதக்கோல் (கிள்ளான்)

நான்காவது கேள்விக்கு நிலவியலைவிடக் கடற்சட்டம் தெளிவாகப் பதில் சொல்கிறது. 1982-இன் ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தம், 121-ஆம் பிரிவு: இயற்கையாக உருவான நிலமாக இருக்க வேண்டும், சுற்றிலும் நீர் இருக்க வேண்டும், உயர் ஓதத்திலும் (கடல்நீர் ஏறி உச்சத்தில் நிற்கும்போதும்) நீருக்கு மேலே தெரிய வேண்டும். மூன்றும் சேர வேண்டும். எவ்வளவு பெரியது என்ற பேச்சே இல்லை.

குர்னிக்கு எதிரே உள்ளது "இயற்கையாக" என்ற சொல்லிலேயே விழுந்துவிடும். சட்டப்படி செயற்கைத் தீவுக்குச் சொந்தமாகக் கடல் எல்லை கிடையாது. நடுக்கடலில் கட்டினால் சுற்றிலும் அதிகபட்சம் 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் போடலாம். இதைக் கேட்டுவிட்டு "அப்போ அது தீவில்லையா" என்று கேட்பார்கள். பேச்சு வழக்கில் தீவு, சட்டத்தில் செயற்கைத் தீவு. இரண்டையும் கேள்வியிலேயே பிரித்து எழுதிவிடுங்கள். பாறைத்திட்டு ஒன்றின்மேல் மணல் கொட்டி விமான ஓடுதளம் போட்டாலும் தகுதி உயராது. கொட்டுவதற்கு முன் இருந்த இயற்கை நிலைதான் கணக்கு. 2016-இல் தென்சீனக் கடல் நடுவர் தீர்ப்பு அதை அழுத்திச் சொன்னது.

பாலம் விஷயம்: முதல் பாலம் 1985, இரண்டாவது 2014. இரண்டுக்கும் அடியில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பினாங்கு தீவுதான். அதே நியாயம் மறுபக்கமும் செல்லும்: சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்ததால் ஆப்பிரிக்கா தீவாகிவிடவில்லை, வெட்டியது மனிதன்.

ஓதம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பத்து பூத்தே வழக்கு, 2008 மே 23, அனைத்துலக நீதிமன்றம். மூன்று திட்டுகள், மூன்று விதமான முடிவு. பத்து பூத்தே 137 மீட்டர் நீளம், சராசரி 60 மீட்டர் அகலம், 1851-லிருந்து கலங்கரை விளக்கம் நிற்கிறது: சிங்கப்பூருக்கு. அதற்குத் தெற்கே 0.6 கடல்மைலில் மிடில் ராக்ஸ், எப்போதும் நீருக்கு மேலே 0.6 முதல் 1.2 மீட்டர் வரை தெரியும் பாறைக் கூட்டம், அவ்வளவுதான் உயரம்: மலேசியாவுக்கு. 2.2 கடல்மைல் தள்ளி சவுத் லெட்ஜ். அது தாழ் ஓதத்தில் மட்டும் தலைகாட்டும். அதை நீதிமன்றம் தனி நிலமாகக் கருதி யாருக்கும் கொடுக்கவில்லை. எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் விழுகிறதோ அந்த நாட்டுக்கு என்று சொல்லிவிட்டது. முழங்கால் உயரப் பாறை நிலமாகிவிட்டது, இது ஆகவில்லை. நடுவில் இருந்த வித்தியாசம் தினம் இரண்டு முறை ஏறும் தண்ணீர்.

கடல் வரைபடத்தில் இதைப் பார்க்கத் தெரிந்தால் போதும். நிலம் மஞ்சள் நிறம். ஏற்ற இறக்கத்தில் மூழ்கித் தெரியும் பகுதி பச்சை, அதிலுள்ள எண்களுக்குக் கீழே கோடு போட்டிருக்கும். 1 என்று எழுதி அடியில் 4-ஐச் சின்னதாகப் போட்டுக் கோடிட்டிருந்தால், வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து (ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதத்தின் மட்டம்) 1.4 மீட்டர் உயரும் திட்டு என்று பொருள். அங்கே அன்றைய உயர் ஓதம் 2 மீட்டர் என்றால் 0.6 மீட்டர் நீருக்கடியில் போய்விடும். பலர் இந்த எண்ணை ஆழம் என்று படித்துவிடுகிறார்கள், படகு தட்டுவது அங்கேதான். இன்னொரு தவறு, ஓர் ஊரின் ஓத அட்டவணையை வேறு ஊருக்குப் போடுவது. கிள்ளான் துறைமுகத்தில் ஏற்ற இறக்க வித்தியாசம் பினாங்கைவிட நன்றாகவே அதிகம். பினாங்கில் தெரியும் அதே உயரத் திட்டு கிள்ளானில் மூழ்கும்.

கிள்ளானுக்கு எதிரே உள்ள கேத்தாம் தீவைக் கேள்வியில் வைக்காதீர்கள். கிராமம் அலையாத்திச் சேற்றுமேல் மரக்கால்களில் நிற்கிறது, ஓதம் வீட்டுக்கடியில் வந்து போகும். அதை வைத்துக் கேள்வி கேட்டால் நடுவரும் மூழ்குவார்.

மிதப்புவிசை (சுங்கை பட்டாணி)

இரண்டாவதும் மூன்றாவதும் என் பங்கு.

நன்னீர்ப் பனிக்கட்டி கன மீட்டருக்கு 917 கிலோ, கடல்நீர் 1,025 கிலோ. வகுத்தால் 0.895. மிதக்கும் பனியில் பத்தில் ஒன்பது பங்கு அடியில் இருக்கும் என்பது இந்தக் கணக்கு. இது கன அளவில்தான். உயரத்தில் அப்படியே வராது. கூம்பாக முனை நீண்ட பனிப்பாறை இதைவிட உயர்ந்து தெரியும்.

வடதுருவத்தில் நிலமே கிடையாது. இரண்டு, மூன்று மீட்டர் கடற்பனி, அதற்குக் கீழே சுமார் 4,000 மீட்டர் தண்ணீர். 1958 ஆகஸ்டில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் துருவத்துக்கு அடியிலேயே கடந்து போனது. கண்டமாக இருந்திருந்தால் முட்டியிருக்கும். தென்துருவத்தில் பனி பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. சராசரி 2 கிலோமீட்டர் அளவு தடிமன். அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் 140 லட்சம் ச.கி.மீ.

பனியை எடுத்துவிட்டால் என்று ஒரு குறும்புக்காரப் பிள்ளை கேட்கக்கூடும். கிழக்குப் பாதி பெரும்பாலும் நிலமாகவே நிற்கும். மேற்கில் பாறையே பல இடங்களில் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தீவுக் கூட்டமாகத் தெரியும், சுமை நீங்கித் தரை மெல்ல மேலெழும்வரை. பனிக்குள் புதைந்த உண்மையான தீவுகளும் அங்கே உண்டு. அலெக்சாண்டர் தீவை 1821-லேயே பார்த்தும், 1940 வரை கண்டத்தின் கரை என்றே நினைத்திருந்தார்கள். நடுவில் இருந்த நீரிணையைப் பனித்தட்டு மூடியிருந்தது.

மூன்றாவதற்கு ஒரு நடப்பு. 2021-இல் கிரீன்லாந்தின் வடமுனைக்கு அப்பால் உலகின் வடகோடித் தீவைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. சுமார் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மேலே மண், சரளைக் கல். பார்க்க அச்சு அசல் தீவு. மறுவருடம் ஒரு குழு போய் நீரின் ஆழத்தை அளந்தது. 1978-லிருந்து அந்தப் பகுதியில் அறிவிக்கப்பட்ட இத்தகைய தீவுகளின் இடங்களில் எல்லாம் 26 முதல் 47 மீட்டர் ஆழம். அவை தரைதட்டி நின்ற தட்டைப் பனிப்பாறைகள், மேலே இருந்தது பனியாறு வாரிக்கொண்டு வந்த மண். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் போதாது, ஆழத்தை அளக்க வேண்டும்.

தட்டையான பனிக்கு எளிய சோதனை: நீருக்கு மேல் தெரியும் உயரத்தை 8.5-ஆல் பெருக்குங்கள். மேலே 4 மீட்டர் என்றால் கீழே 34 மீட்டர் இருக்க வேண்டும். அங்கே கடல் 60 மீட்டர் ஆழமென்றால் மிதக்கிறது. 30 மீட்டர்தான் என்றால் தரைதட்டிவிட்டது. மேலடுக்கு இறுகாத பனியாக இருந்தால் இலேசாக இருக்கும், கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

தரைதட்டி நின்றாலும் அது பனிதான், நிலமல்ல, அதனால் தீவாகாது. A23a என்று எழுதப்படும் பனிப்பாறை 1986-இல் உடைந்து, தரைதட்டி முப்பது வருடத்துக்குமேல் நின்றுவிட்டு, 2020-ஐ ஒட்டி மறுபடி நகர ஆரம்பித்தது. அப்போது சுமார் 4,000 ச.கி.மீ., மலாக்கா மாநிலத்தைப்போல் இரண்டு மடங்குக்குமேல்! அளவைப் பார்த்துத் தீவு என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆக, மதிப்பெண் கிடையாது.

பாயான்பாரு

அருமை. மேடையில் செய்து காட்ட ஒரு சோதனையும் வைக்கலாம் என்று யோசனை. மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் உயராது என்று குவளையில் காட்டலாமா? வீட்டில் செய்து பார்த்த ஒருவருக்கு மட்டம் உயர்ந்துவிட்டதாம்.

மிதப்புவிசை

உயர்ந்திருந்தால் பனிக்கட்டி குவளையின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கும். சிராப் ஐஸ் போடுகிறமாதிரி விளிம்புவரை ஐஸை நிரப்பிவிட்டால் அப்படித்தான் ஆகும். தண்ணீர் தாங்க வேண்டிய பாரத்தில் கொஞ்சத்தைக் கண்ணாடி தாங்குகிறது, உருகியதும் அந்தப் பங்கு தண்ணீரில் சேருகிறது. தரைதட்டிய பனிப்பாறையும் இதேதான், அதனால் தவறிப்போன சோதனையையும் காட்டலாம்.

செய்முறை: பக்கம் நேராக இருக்கும் குவளை, உள்விட்டம் 7 செ.மீ., உயரம் குறைந்தது 13 செ.மீ. சாதாரணத் தண்ணீர் 300 மில்லி, பனிக்கட்டி 100 கிராம். எல்லாக் கட்டியும் தாராளமாக மிதக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள், பிறகு மெல்லிய பேனாவால் கோடு. உருகி, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மறுபடி பாருங்கள். குளிர்ந்த நீர் சற்றுச் சுருங்கியிருக்கும். கோடு அசையாது.

அடுத்த குவளையில் அதே அளவு தண்ணீர், வாயில் வடிகட்டி, அதில் 100 கிராம் கட்டி. இது நிலத்தின்மேல் உள்ள பனி. உருகிச் சொட்டி முடிந்ததும் மட்டம் 2.6 செ.மீ. ஏறியிருக்கும். கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் உலகக் கடல் ஏழு மீட்டருக்குமேல் உயரும் என்பது இந்த இரண்டாவது குவளையின் கதை.

சொல்லடுக்கு (ஈப்போ)

சொல் பற்றி ஒன்று. பனிப்பாறை என்று எழுதினால் சிறுபிள்ளை பாறை என்றுதான் படிப்பான், மூன்றாவது கேள்வியின் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. கேள்வித்தாளில் "மிதக்கும் பனிப்பாறை" என்று முழுதாக எழுதுங்கள். கடல்நீரே உறைந்தது கடற்பனி, நிலத்திலிருந்து கடல்மேல் நீண்டு மிதப்பது பனித்தட்டு, நிலத்தில் நகர்வது பனியாறு. நான்கையும் கலக்கக்கூடாது.

தீவு என்ற சொல்லும் முன்பு இவ்வளவு குறுகலாக இல்லை. மணிமேகலையில் வரும் நாவலந்தீவு ஒரு பெருநிலம், இன்றைய கணக்கில் கண்டம். ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டுக்கு அரங்கம், துருத்தி என்று தனிச் சொற்கள் இருந்தன. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவுதான். அதனால் விளக்கத்தில் "கடல் சூழ்ந்த" என்று போடாமல் "நீர் சூழ்ந்த" என்றே விடுங்கள்.

பாயான்பாரு

திருத்திய கேள்விகள்:

அ. உலகின் மிகப் பெரிய தீவு எது? (கிரீன்லாந்து. தெரிவுகளில் ஆஸ்திரேலியா இல்லை.)
ஆ. வடதுருவத்தில் பனிக்கு அடியில் இருப்பது எது? (கடல்)
இ. தாழ் ஓதத்தில் மட்டும் தெரியும் திட்டு, கடற்சட்டப்படி தீவா? (இல்லை)
ஈ. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் துளியும் உயராது. சரியா, தவறா? (சரி)

மிதப்புவிசை

ஈ-யை மாற்றுங்கள், "துளியும்" உங்களைக் கவிழ்த்துவிடும். பனிப்பாறை நன்னீர், கடல் உப்பு நீர். 100 கிராம் பனி கடலில் 97.6 மில்லி நீரை விலக்குகிறது, உருகினால் 100 மில்லி. உப்புநீர்க் குவளையில் செய்தால் 0.6 மி.மீ. உயரும். உங்கள் பேனாக் கோட்டுக்குள் அது மறைந்துவிடும், ஆனால் வாதாட வரும் பெற்றோருக்கு அது போதும். கண்ணால் பார்க்க வேண்டுமா? 300 மில்லி தண்ணீரில் 100 கிராமுக்குமேல் உப்பைக் கரையுமட்டும் கரைத்து, தெளிந்ததை ஊற்றிக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 4 மி.மீ. ஏறும். கேள்வியை இப்படிப் போடுங்கள்: "குவளையிலுள்ள நன்னீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் மாறுமா?"

ஓதக்கோல்

இ-யிலும் ஒரு சொல். "தாழ் ஓதத்தில் மட்டும் தெரியும், உயர் ஓதத்தில் மூழ்கும்" என்று இரண்டையும் எழுதுங்கள். உயர் ஓதம் என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைக்கு அந்த வரியே பாதி விடை.